புதுப்பிப்பு: டிஸ்க் மாற்றியபின் ரீசில்வர் முடியாத சிக்கல் தீர்ந்தது

காரைக்குடி வீட்டு சர்வரில் ஐயாவின் பர்மா கணக்கேடுகள், இசைகுடிமானச் சீட்டுகள் (நகரத்தார் திருமண ஒப்பந்தங்கள்), பழைய படங்கள் எல்லாவற்றின் ஸ்கேன்களும் இரண்டு 4 டிபி டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் (கோப்புகளைச் சேமித்துக் காக்கும் மென்பொருள்) மிரராக, அதாவது இரண்டிலும் அதே தரவாக, இருக்கின்றன. பழுதான ஒன்றை மாற்றிய பிறகு ரீசில்வர் (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்புவது) 5 நாளாகியும் முடியவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"புது டிஸ்க் எஸ்எம்ஆரா பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. தயாரிப்பாளரின் விவரத்தாளில் மாடல் எண்ணைத் தேடினேன், எஸ்எம்ஆரேதான். நம் ஊர் கூரை ஓடு மாதிரி அதில் தரவு எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதும்போது திணறிவிடுகிறது. தடங்கள் அப்படி ஏறாத சிஎம்ஆர் டிஸ்க் வாங்கிப் போட்டேன். ஒரே ராத்திரியில் முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று. அப்புறம் ஓட்டிய ஸ்க்ரப்பில் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) செக்சம் பிழைகள், அதாவது படித்த தரவு அதன் சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தாத இடங்கள், வந்தன. புது டிஸ்க்கும் போச்சா என்று பதறிவிட்டேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண், சிஆர்சி பிழைக் கணக்கு (தரவு போய்வரும் வழியில் சிதைந்த எண்ணிக்கை), ஏறிக்கொண்டே இருந்தது. அது பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். டிஸ்க்கை சர்வரோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றியதும் எண்ணிக்கை அப்படியே நின்றது; அடுத்த ஸ்க்ரப் சுத்தம்.

மிரர் பேக்கப் ஆகாது என்று பலரும் சொன்னீர்கள். உண்மை, தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். இப்போது வெளி டிஸ்க்கில் ஒரு நகல், மதுரையில் ஆச்சி வீட்டில் இன்னொன்று. அங்கிருந்து 20 கோப்புகளை மீட்டுத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன.