பழுத்த அத்தியும் பக்கத்து மரத்தின் பச்சைக் காயும்

பழுத்த அத்தி மரத்தில் குக்குறுவானையும் குயிலையும் மலையணிலையும் கண்ட அனுபவங்களைப் பலர் இங்கே எழுதியிருக்கிறீர்கள். அந்த விருந்துக்கு முன்பே காய்க்குள் நடந்து முடிந்துவிடும் செயல்களைப் பற்றி நான் பார்த்தவற்றைச் சொல்ல விரும்புகிறேன். உயிரினங்களுக்கு ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஏதாவதொரு மரத்தில் பழம் கிடைப்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஓடைக்கரை ஒன்றில் கூப்பிடு தொலைவில் நிற்கும் இரண்டு அத்தி மரங்களை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். ஒரே மண், ஒரே நீர், ஒரே வெயில். ஆயினும் ஒன்றின் அடிமரம் முழுவதும் சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது, மற்றொன்றில் காய்கள் பச்சையாக இறுகிக் கிடக்கும். ஒரு மரத்துக் காய்கள் ஏறத்தாழ ஒருசேர முதிர்கின்றன. மரத்துக்கு மரம் பருவம் மாறுகிறது.

நிறம் மாறத் தொடங்கும் தறுவாயில் இருந்த காய் ஒன்றைக் கத்தியால் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள் நெருங்கியிருந்தன. அவற்றிற்கிடையே வெளிறிய மஞ்சள் நிறத்தில், இறக்கையற்ற ஆண் குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. புடைத்துப்போன பூ ஒவ்வொன்றையும் தேடிச் சென்று, அதில் துளையிட்டு, உள்ளே இன்னும் வெளிவராத பெண் குளவியுடன் அவை இணைகின்றன. பிறகு பல ஆண்கள் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து வெளியேறும் வழியை அமைக்கின்றன; அத்துடன் அவற்றின் வாழ்வு முடிகிறது. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள கருநிறப் பெண் குளவிகளோ முதிர்ந்த ஆண் பூக்களிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, மார்பின் அடிப்புறத்திலுள்ள சிறு பைகளில் அடைத்துக்கொண்டு அந்த வழியாகப் பறக்கின்றன. அத்துளையின் வாயிலில் எறும்புகள் காத்திருந்து பலவற்றைக் கவ்விச் செல்வதையும் கண்டேன்.

தப்பிய பெண் குளவிக்கு இருப்பது ஓரிரு நாள் ஆயுள் மட்டுமே. அதற்குள் அதே இனத்தைச் சேர்ந்த, பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும் வேறொரு மரத்தை, அந்தக் காய்கள் வெளியிடும் மணத்தைக் கொண்டு கண்டடைய வேண்டும். காயின் நுனியிலுள்ள செதில்களுக்கிடையே நெருக்கியடித்து நுழையும்போது அதன் இறக்கைகள் முறிகின்றன. உணர்கொம்புகளின் பகுதிகளும் ஒடிந்துபோகின்றன. உள்ளே அது சில பூக்களில் முட்டையிடுகிறது, மகரந்தத்தையும் தூவுகிறது, அங்கேயே இறக்கிறது. முட்டை ஏற்ற பூ குளவியை வளர்க்கிறது. மகரந்தம் மட்டும் ஏற்ற பூ விதையாகிறது. தன் விதைகளில் ஒரு பங்கை மரம் குளவிக்குக் கூலியாகக் கொடுக்கிறது என்றே சொல்லலாம். எல்லா மரங்களும் ஒரே காலத்தில் பூத்தால், வெளிவரும் குளவிகளுக்குப் புக இடமே இராது. ஆகவே மரங்களின் பருவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதே இந்த உறவைக் காக்கிறது.

கூலி கொடாமல் பயன்பெறும் குளவிகளும் உண்டு. அவை காய்க்குள் நுழைவதில்லை. உடலைவிட நீண்ட ஊசி போன்ற உறுப்பால் வெளியிலிருந்தே சுவரைத் துளைத்து முட்டையிடுகின்றன. அந்தச் சிற்றுயிர் காயின் மேல் நின்று, உடலை வளைத்து, அசையாமல் துளைத்துக்கொண்டிருப்பதை நெடுநேரம் பார்த்து நின்றிருக்கிறேன்.

குளவிகள் வெளியேறிய பிறகே காய் மென்மையாகிச் சிவந்து இனிக்கிறது; பறவைகளும் விலங்குகளும் வருகின்றன. ஆனால் வரும் எல்லாமே விதை பரப்புவதில்லை. பச்சைப் புறாவின் அரைவைப்பை அத்தி விதைகளில் பலவற்றை நொறுக்கிவிடுகிறது. பழந்தின்னி வௌவால் பழத்தைக் கவ்விச் சென்று வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்று, சக்கையைத் துப்பிவிட்டுச் சாற்றுடன் விழுங்கிய நுண்விதைகளைப் பறக்கும் வழியில் எச்சமாக உதிர்க்கிறது. பனை மட்டையின் இடுக்கில் அத்தியின் உறவினங்களான ஆலும் அரசும் முளைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் அது ஏதோ ஒரு பறவையின் எச்சம் என்பதை நினைத்துக்கொள்கிறேன். 1883-இல் எரிமலை வெடித்து உயிரற்றுப் போன, இந்தோனேசியாவிலுள்ள கிரகடோவா தீவுகளுக்கும் சுமார் 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து அத்தி இனங்களின் விதைகள் இவ்வாறே சென்று சேர்ந்தன. அவை அங்கே காய்த்துப் பெருகுவதற்கு அவற்றிற்குரிய குளவிகளும் வந்து சேர வேண்டியிருந்தது.

காற்றோடு செல்லும் குளவி மிகத் தொலைவும் போகும். நமீபியாவில் ஓர் அத்தி இனத்தின் குளவிகள் மகரந்தத்தை 160 கிலோமீட்டர் தொலைவு வரை கொண்டுசெல்வதை 2009-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு, ஊருக்கு ஒரு மரம் போதும் என்று எண்ணுவோரும் உள்ளனர். நான் அப்படிக் கருதவில்லை. மரங்கள் குறையக் குறைய எந்த மரமும் பூக்காத இடைவெளி நீளும். அந்த நாட்களில் பிறக்கும் குளவிகள் பயனின்றி மடியும். பழத்தை நம்பிய உயிர்களும் வெறும் மரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பும். பெரிய ஆலமரம் ஒன்றை வேலியிட்டுப் போற்றிவிட்டு, பாதையோரத்து இளம் மரங்களைப் பயனற்றவை என்று வெட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனிப் பழுத்த மரத்தைப் பற்றி எழுதுபவர்கள், அருகிலுள்ள அதே இனத்து மரம் அன்று எந்த நிலையில் இருந்தது என்பதையும் மாதத்துடன் சேர்த்துக் குறிப்பிட வேண்டுகிறேன். என் ஓடைக்கரை மரங்களின் குறிப்புகளை அடுத்த பதிவில் தருகிறேன்.