ஆறுமணிக் குருவி: விறாந்தையில் விழுந்தால் என்ன செய்வது? வளவில் நிற்க வைப்பது எப்படி?

முறிப்புவெளி:
வணக்கம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, காட்டோரமாக உள்ள வளவு. ஒக்ரோபர் பிறந்ததிலிருந்து விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் பின்பக்கப் பற்றைக்குள் ஒரு குருவி விசிலடிக்கிறது. ஆளைக் காண முடியவில்லை. இன்று காலை விறாந்தையில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த ஒரு குருவி கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தத்தித் தத்திப் பற்றைக்குள் போய்விட்டது. இரண்டும் ஒன்றுதானா? இப்படி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? சோறு, தண்ணீர் வைக்கலாமா? இது எங்கள் வளவில் தொடர்ந்து நிற்க வழி உண்டா?

வீரைநிழல்:
இரண்டும் ஒன்றுதான் தம்பி, ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயருண்டு. சிங்களத்தில் அவிச்சியா. பிட்டா குடும்பத்தில் இலங்கைக்கு வருவது இது ஒன்றுதான். 'பிட்டா' என்பதே தெலுங்கில் பறவை என்ற சொல்.

சத்தத்தை இப்படி உறுதி செய்யுங்கள். 'வீஈட்-டியூ' என்று இரண்டே துண்டு, முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். தலையைப் பின்னுக்கு எறிந்து, சொண்டை மேலே தூக்கிக் கூப்பிடும். ஒன்று தொடங்கினால் அடுத்த பற்றையில் நிற்பதும் பதில் சொல்லும். இது என் இடம், அது உன் இடம் என்ற பேச்சு அது. நீளமாக, பல இராகம் மாற்றி மாற்றிப் பாடினால் அது சோலைபாடி. சோலைபாடிக்கு வால் நீளம், முதுகு கறுப்பு, வயிறு செம்மண் நிறம், வாலடி வெள்ளை. அது ஆண்டு முழுக்க நம்முடைய காட்டில்தான் இருக்கும்.

ஆறுமணிக் குருவி கிட்டத்தட்ட 19 சென்றிமீற்றர். வால் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குக் கட்டை. உச்சந்தலையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு, கண்ணை ஊடறுத்துப் பிடரி வரை தடித்த கறுப்புப் பட்டி, தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, தோளில் மினுங்கும் நீலம், நெஞ்சு சந்தன நிறம், வாலுக்குக் கீழே இரத்தச் சிவப்பு. பறக்கும்போது கறுப்புச் செட்டையில் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரியும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. இவ்வளவு நிறம் இருந்தும் நிழலில் சருகுக்கு மேல் அசையாமல் நின்றால் கண்ணுக்குப் படாது. நாங்கள் பின்னால் இருந்து பார்ப்பது பச்சை முதுகைத்தான்.

ஆறு மணி என்ற பெயரைக் கேட்டு மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். அது வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. தை மாதத்தில் சூரியன் பிந்தி எழும்ப, சத்தமும் பிந்தும். 1996இல் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். குருவிக்கு அது ஒன்றும் தெரியாது. மழை இருட்டுக் கட்டிய நாளில் மத்தியானமும் கூப்பிடும்.

கனகராயன்கரை:
மேலே சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். ஏன் விழுகிறது என்று விளங்கினால்தான் என்ன செய்வது என்று விளங்கும்.

இது கூடு கட்டுவது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும். அங்கே தென்மேற்குப் பருவமழையோடு முட்டையிட்டு, குஞ்சு தேறியதும் தெற்கே இறங்கும். பயணம் இரவில். கடைசித் துண்டு கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மட்டும் சுமார் 30 கிலோமீற்றர். வந்திறங்கும்போது உடம்பில் கொழுப்புக் கரைந்து, களைத்துப் போயிருக்கும். அந்த இரவில் விறாந்தை லைற் எரிந்தால் அதை நோக்கி வரும், சுவரிலோ யன்னல் கண்ணாடியிலோ அடிபடும். விடிந்ததும் பூனை பிடிக்கும்.

விழுந்து கிடந்தால்:

முதலில் பூனை, நாயை அப்புறப்படுத்துங்கள். மெல்லிய துணியை மேலே போட்டு, இரண்டு கையாலும் செட்டையை உடம்போடு சேர்த்துத் தூக்குங்கள். நெஞ்சை அமத்தக் கூடாது. பறவை மூச்செடுப்பது நெஞ்செலும்பு அசைந்துதான், அமத்தினால் மூச்சு நின்றுவிடும். சப்பாத்துப் பெட்டி அளவு மட்டைப் பெட்டி காணும். அடியில் பழைய துவாய் விரியுங்கள், வெறும் மட்டையில் கால் வழுக்கும். பக்கங்களில் பென்சில் மொத்தத்தில் எட்டுப் பத்து ஓட்டை. மூடி வையுங்கள். இருட்டுத்தான் மருந்து.

கம்பிக் கூட்டில் போடாதீர்கள். மிரண்டு கம்பியில் அடித்து, சொண்டடித் தோலையும் செட்டையையும் கிழித்துக்கொள்ளும்.

பெட்டியைத் தகரக் கூரை அறையில் வைத்தால் பத்து மணிக்குப் பிறகு உள்ளே வெந்துவிடும். வேப்பமர நிழலில் ஒரு கதிரையின் மேல் வையுங்கள். கதிரைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் விடுங்கள். எறும்பு ஏறினால் கண்ணைத்தான் முதலில் பிடிக்கும்.

வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நேரே சுவாசப்பைக்குப் போகும். சோறு, பாண், பால் வேண்டாம். பெட்டியில் ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு. பிறகு வீட்டுக்குள் திறக்காமல் பற்றையோரத்தில் திறந்து விடுங்கள். இருட்டிய பிறகு கிடைத்தால் விடியும் வரை வைத்து, முதல் வெளிச்சத்தில் விடுங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் எழும்பவில்லை என்றால், அல்லது ஒரு செட்டை தொங்கினால், கிட்டிய வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ மிருக வைத்தியரிடமோ கொண்டுபோங்கள். கொண்டுபோகும் வரை ஒரு மூடியில் நாலைந்து கறையானோ சின்ன மண்புழுவோ வைக்கலாம், தானாகக் கொத்தினால் சரி. பூனை கடித்திருந்தால் காயம் ஊசி முனையளவு என்றாலும் உடனே போக வேண்டும். பூனை எச்சிலின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

ஒக்ரோபர், நவம்பரில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வெளி லைற்றை அணையுங்கள். பெரிய கண்ணாடி யன்னலுக்கு வெளிப்புறம் நைலோன் கயிறுகளை 10 சென்றிமீற்றருக்கு ஒன்றாகத் தொங்கவிட்டால் மோதுவது நன்றாகக் குறையும். உள்ளே திரை போடுவதால் பெரிய பயன் இல்லை, கண்ணாடியில் மரம் வெளியில்தான் தெரிகிறது.

வீரைநிழல்:
வளவில் நிற்பது பற்றி: ஒரே பதில், சருகு. இந்தக் குருவி காட்டுக்கோழி போலக் காலால் கிளறாது. சொண்டால் ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பக்கத்தில் எறிந்து, அடியில் இருக்கும் மண்புழு, வண்டுப்புழு, கறையான், நத்தை, பூரான் குஞ்சு பொறுக்கும். நீங்கள் ஈர்க்கு விளக்குமாறால் வளவு முழுக்கக் கூட்டிக் கும்பமாக்கி எரித்தால், ஆறு மாதச் சாப்பாட்டை ஒரு பின்னேரத்தில் எரித்தது போலத்தான். முற்றத்தைக் கூட்டுங்கள், அதில் பிழையில்லை. கோடிப்பக்கம் மரத்தடியை விட்டுவிடுங்கள்.

வீரை, பாலை, நாவல், மா எதுவென்றாலும் அடர்ந்த நிழல் வேண்டும். களைநாசினி, கறையான் மருந்து அந்தப் பக்கம் போகக் கூடாது. மாசி, பங்குனியில் மண் இறுகி மண்புழு ஆழத்துக்கு இறங்கும். அப்போது கிணற்றடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி அந்த நிழலுக்குத் திருப்பினால் அங்கேயே நிற்கும். சித்திரை முடியும்போது வடக்கே போய்விடும், தேட வேண்டாம்.

காட்டோரம் என்பதால் இன்னொன்று. காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் தாழ்வாக வைக்கும் கண்ணியில் இதுவும் மாட்டும், நிலத்தில் தத்தித் திரிவதுதானே. கண்டால் கழற்றுங்கள். படம் எடுக்க விரும்பினால் கைபேசியில் அதன் சத்தத்தைப் போட்டு இழுக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டு அலையும், களைத்து வந்த உடம்புக்கு அது பெரிய இழப்பு.

முறிப்புவெளி:
நன்றி அண்ணை. சருகை விட்டால் பாம்பு சேராதா? சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு.

கனகராயன்கரை:
நியாயமான பயம். கண்ணாடி விரியன் சருகு நிறத்தில்தான் இருக்கும், அதனால் இடத்தைப் பார்த்து விட வேண்டும். வீட்டுச் சுவர், மலசலகூடப் பாதை, கிணற்றடி இவற்றிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, வேலியோரமாக 15 அடிச் சதுரம் போதும். நாலு விரல் கனத்துக்குப் பரவலாக இருக்கட்டும், கும்பமாகக் குவிக்க வேண்டாம். பாம்புக்கு வேண்டியது ஒளிவிடமும் எலியும். தென்னோலைக் குவியல், விறகு அடுக்கு, கல்லுக் கும்பம், சிந்திய நெல் இவைதான் எலியைக் கொண்டுவரும்; அவற்றை அந்த மூலையில் வைக்காதீர்கள். சுற்றிவர ஒரு முழ அகலத்துக்குக் கூட்டி வெறும் மண்ணாக வையுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால் வெறுங்காலோடு போகக் கூடாது என்று சொன்னால் விளங்கும். இருட்டில் எங்கே போனாலும் கையில் ரோச் லைற்.

இந்த மாரி முடிவதற்குள் தொடங்குங்கள். கூட்டாமல் விட்ட சருகுக்கு அடியில் ஈரம் பிடித்து மண்புழு மேலே வர இரண்டு மூன்று கிழமை எடுக்கும்.