குரல் கேட்டுத் திறந்த போன், திறக்க மறுத்த போன்: உங்களுக்கு நடந்தது என்ன?

கறிவேப்பிலை (சாட்ஸ்வொர்த்)

இதை எங்கேயாவது கொட்டித் தீர்க்க வேண்டும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2018, சின்னம்மா மகள் கல்யாணம், முந்தின நாள் ராத்திரி. ஹாலுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். என் கை முழுக்க வெங்காயம். போன் பக்கத்து மேசையில்தான் இருக்கிறது என்று நினைத்து, போனை எழுப்புகிற சொல்லை, அந்த ‘ஓகே கூகுள்’ மாதிரியானதை, சொல்லி, கடைசியாக வந்த மெசேஜைப் படி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். விழித்தது என் போன் இல்லை. என் காலடியில் கிடந்த தங்கையின் கைப்பைக்குள் இருந்த அவள் போன். விழித்ததோடு நிற்காமல் பூட்டையும் திறந்துகொண்டு, இத்தனை பேர் கேட்க, ஏஜென்ட் சனிக்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் கூட்டி வருகிறார், அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று உரக்கப் படித்தது. அனுப்பியவர் எங்கள் அண்ணன். வீடு என்றால் அப்பா விட்டுப்போன வீடு. அக்கா என்றால் நான்.

பெரியம்மா மட்டும் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல் “எந்த வீடு?” என்று கேட்டார்.

வீட்டுப் பிரச்சினை எப்படி முடிந்தது என்று யாரும் கேட்காதீர்கள், அது வேறு கதை. எனக்கு இன்னும் உறுத்துவது அந்தப் போன்தான். அவள் உட்கார்ந்து பதிந்து வைத்தது அவள் குரலை. அப்புறம் எந்தத் தைரியத்தில் எனக்குத் திறந்தது? அம்மாவே போனில் எங்களை மாற்றிப் பேசுவார், உண்மைதான், ஆனால் அம்மா யாருடைய மெசேஜையும் சபையில் படித்ததில்லையே.

கப்பல்துறை

அக்கா, எனக்கு நேர் எதிர். டர்பன் துறைமுகத்தில் மேடன் வார்ஃப் பக்கம் குளிர்பதனக் கிடங்கில் வேலை. கையில் தடித்த கையுறை, வாயை மூடி மாஸ்க், போன் ஜாக்கெட்டின் உள்பையில். கையுறையைக் கழற்றி மாட்டவே நேரம் போய்விடும் என்பதால்தான் குரலை வைத்தேன். வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு பதிந்த குரல் அது. கிடங்குக்குள்ளே கம்ப்ரசர் இரைச்சல், குளிரில் தாடை வேறு இறுகிப்போய் எனக்கே என் பேச்சு வேறு ஆள் பேசுகிற மாதிரிதான் கேட்கும். எத்தனை கத்தினாலும் அசையாது.

ஒருநாள் மத்தியானம் மச்சானைக் கூப்பிட வேண்டிய அவசரம், நான் நெஞ்சைப் பார்த்துக் கத்திக்கொண்டே நிற்கிறேன். பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஜூலு நண்பர் என்னைக் கேலி செய்ய, நான் சொல்கிற அதே இழுவையோடு அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார். டிங் என்று விழித்தது! பின் நம்பர் கேட்டது, அதனால் திறக்கவில்லை. ஆனாலும் என் போன் அவருக்கு விழித்தது, எனக்கு விழிக்கவில்லை. லஞ்சு நேரத்தில் இதையே எல்லாரிடமும் நடித்துக் காட்டினார்.

பழைய ரேடியோ (ஜோகன்னஸ்பர்க்)

என் கதை சின்னது. சளி பிடித்துக் குரல் கட்டியிருந்த வாரம் முழுக்க என் கைக்கடிகாரம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மனைவி சிரித்தாள். அவ்வளவுதான். ஆனால் மேலே இருவரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள், நான் இந்தத் துறையில் இருப்பதால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கறிவேப்பிலை அக்கா, உங்கள் தங்கையின் போன் கெட்டுப்போன போன் இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது. விழிப்பது ஒரு வேலை, திறப்பது இன்னொரு வேலை. போன் தூங்கும்போது பெரிய பிராசசர் உண்மையாகவே தூங்குகிறது. மைக்கின் பின்னால் ஒரு சின்னச் சில்லு மட்டும் விழித்திருக்கும். முதலில் ஏதாவது சத்தம் வருகிறதா, அது பேச்சு மாதிரி இருக்கிறதா என்று பார்க்கும், அப்புறம் அந்த ஒரே ஒரு சொல்லா என்று பார்க்கும். கடைசி ஓரிரு நொடிச் சத்தத்தை மட்டும் சிறு நினைவகத்தில் வைத்து அழித்து எழுதிக்கொண்டே இருக்கும். சொல் பொருந்துகிறது என்று தோன்றினால்தான் பெரிய பிராசசரை எழுப்பும், அது அதே ஓரிரு நொடியை இன்னும் பெரிய மாடலால் மறுபடி சோதிக்கும். யார் குரல் என்ற கேள்வி பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். நம் குடியிருப்புக் காம்ப்ளெக்ஸ் வாசலில் பூம் கேட்டில் இருக்கிற காவலாளி கார் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆளைச் சரிபார்க்க உள்ளே ஆபீசுக்கு அனுப்புகிற மாதிரி. கப்பல்துறை அண்ணா, உங்கள் நண்பருக்கு நடந்தது இதுதான். சொல் சரியாக இருந்தது, கேட் வரை விட்டது, உள்ளே விடவில்லை.

ஏன் இத்தனை அடுக்கு என்றால் பேட்டரி. 2013-இல் மோட்டோ எக்ஸ் போன் வந்தபோது இதற்கென்றே தனியாக ஒரு பிராசசர் வைத்தார்கள். 2014-இல் ஐபோனில் ‘ஹே சிரி’ வந்தது, ஆனால் சார்ஜரில் செருகியிருந்தால்தான் கேட்கும். அடுத்த வருடம் ஐபோன் 6எஸ் வந்த பிறகுதான் சார்ஜர் இல்லாமலும் கேட்டது. இன்று இதற்கென்று வரும் சில்லுகள் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். போன் பேட்டரி சுமார் 15 வாட்-மணி என்று வையுங்கள். ஒரு மில்லிவாட்டை அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடும். அதனால் ‘குரலை வைத்தால் சார்ஜ் போய்விடும்’ என்று பயப்படாதீர்கள், அடிக்கடி தப்பாக விழித்தால்தான் போகும்.

குரல் அடையாளத்துக்கு வருகிறேன். நீங்கள் பதியும்போது உங்கள் குரலை எண்களின் வரிசையாக மாற்றி வைக்கிறது. பிறகு வரும் குரலையும் அப்படி மாற்றி, இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறது. எவ்வளவு நெருங்கினால் போதும் என்பதை யாரோ முடிவு செய்ய வேண்டும். அதுதான் கோடு. அந்தக் கோட்டை மேலே ஏற்றினால் கிடங்கில் நிற்கிறவர் வெளியே நிற்பார், கீழே இறக்கினால் அக்காள் தங்கை வித்தியாசம் தெரியாது. அதுவும் ஒரு நொடிச் சொல்லை வைத்து. கூடப்பிறந்தவர்களுக்குத் தொண்டையும் வளர்ந்த வீடும் ஒன்று. பிரிட்டனில் 2017-இல் பிபிசி நிருபர் ஒருவரின் இரட்டைச் சகோதரர் எச்எஸ்பிசி வங்கியின் குரல் சோதனையையே தாண்டிக் கணக்குக்குள் நுழைந்தார். அவர்கள் அச்சு அசலான இரட்டையர்கூட இல்லை.

செய்ய வேண்டியது என்னவென்றால்: குரலை நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று பதியுங்கள், மாஸ்க் போடுகிறவர் மாஸ்க்கோடு பதியுங்கள், பூட்டுத்திரையில் மெசேஜ் படிக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள், வங்கி ஆப்புக்குக் குரலை ஒருநாளும் சாவியாக்காதீர்கள், வருடத்துக்கு ஒருதடவையாவது குரலை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். ஆண்ட்ராய்டில் முன்பு இருந்த குரலால் பூட்டுத் திறக்கும் வசதியை 2019 வாக்கில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒத்த குரலோ குரல் பதிவோ இதைத் திறக்கக்கூடும் என்று அதை இயக்கும்போதே எச்சரிக்கையும் வந்துகொண்டுதான் இருந்தது.

கறிவேப்பிலை (சாட்ஸ்வொர்த்)

தம்பி, உங்கள் சளியைவிட உங்கள் ஆலோசனை நீளம். நான் வழி கேட்கவில்லை. ‘சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது’ என்கிறீர்கள், சரி, ‘உன் குரலுக்கு மட்டும் திறப்பேன்’ என்றுதானே என் தங்கைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது? அந்த எச்சரிக்கையை யார் படித்தார்கள்? போன் வாங்கின அன்று கடைக்காரப் பையனே டக் டக் என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்து அவள் கையில் தந்தான். கோட்டை எங்கே போடுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள் என்றீர்கள். அந்த யாரோவுக்கு அக்காள் தங்கை கிடையாதா என்றுதான் நான் கேட்கிறேன்.

ஆயா பேத்தி (டோங்காட்)

நான் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். கை நடுக்கம், போனில் எண்ணைத் தட்ட முடியாது. 2012-இல் அரசு உதவித்தொகைக்குப் புது அட்டை கொடுத்தபோது கைரேகையோடு குரலையும் பதிந்தார்களே, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து எல்லா இயந்திரத்துக்கும் தன் குரல் தெரியும் என்பது ஆயாவின் முடிவு. “கவர்மென்ட்டுக்கே என் குரல் தெரியும், இதுக்குத் தெரியாதா?” என்பார். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய போன் ஒன்றைச் சார்ஜரிலேயே செருகி வைத்து, அந்தச் சொல்லையும், பேத்தியைக் கூப்பிடு என்பதையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கினோம். நன்றாகவே வேலை செய்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் கூப்பிடுவார், கனவு வந்தாலும் கூப்பிடுவார், லோட்டஸ் எஃப்எம்மில் யாருக்குக் கல்யாண நாள் வாழ்த்து சொன்னார்கள் என்பதைச் சொல்லவும் கூப்பிடுவார்.

2023, முறை வைத்துக் கரன்ட்டை நிறுத்துகிற லோட்ஷெடிங், அதுவும் ஸ்டேஜ் 6, நடுராத்திரி கரன்ட் போனது. எனக்கு ஏனோ விழிப்பு வந்து தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஆயா அறைக் கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே பேச்சுக் குரல். ஆயா இருட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் போனிடம் ஆங்கிலத்தில், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்குப் போனபோது பேசிய அதே அடக்கமான ஆங்கிலத்தில், ‘ப்ளீஸ் மேடம், ஒன்லி ஒன் கால், மேடம்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. கரன்ட் போனதால் கோபித்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தாராம். பாத்ரூம் போக வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

அந்த ‘மேடம்’ என் காதை விட்டுப் போகவில்லை. போன் கேட்கவில்லை என்பதெல்லாம் எனக்கு இரண்டாவதுதான்.

கப்பல்துறை

பேட்டரியில் சார்ஜ் இருந்ததா தங்கச்சி? இருந்தும் ஏன் கேட்கவில்லை?

பழைய ரேடியோ (ஜோகன்னஸ்பர்க்)

அந்தத் தலைமுறைப் போன் என்றால் சார்ஜ் முழுக்க இருந்தாலும் கேட்காது. மேலே சொன்னேனே, தனிச் சில்லு இல்லாத காலத்தில் பெரிய பிராசசரையே விழிக்க வைத்துக் கேட்க வேண்டியிருந்தது, அதனால் ஒயர் செருகியிருந்தால்தான் காதைத் திறந்து வைப்பார்கள். கரன்ட் போன நொடியில் காது மூடிக்கொண்டது. சின்ன இன்வெர்ட்டரோ ரூட்டருக்கு வைக்கிற மினி யூபிஎஸ்ஸோ போதும், போனுக்கு 5 வோல்ட்தான். ஆனால் நான் ஆயா இடத்தில் இருந்தால் ஒரு பேட்டரி காலிங் பெல்தான் கேட்பேன், கட்டிலில் ஒட்டி வைக்கிற ஒரே பட்டன். பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டே சார்ஜ் கொடுக்கிற வகையா என்று பார்த்து வாங்குங்கள், எல்லாம் அப்படி இருக்காது, அப்புறம்...

ஆயா பேத்தி (டோங்காட்)

பெல் அடுத்த வாரமே வாங்கியாகிவிட்டது, அண்ணா. நன்றி.

டியூஷன் வீடு (லெனேசியா)

நான் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கேட் பாடம் சொல்லித் தருகிறேன், அதாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் டெக்னாலஜி. என் மகன் வீட்டு ஸ்பீக்கரின் எழுப்பும் சொல்லைக் குறும்புக்குக் ‘கம்ப்யூட்டர்’ என்று மாற்றி வைத்துவிட்டுக் கேப் டவுன் போய்விட்டான். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறந்தால் அதன் விளக்கு எரியும். பாதிப் பாடத்தில் ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்னும். ஒருநாள் ஒரு பெண்ணிடம் நான் கேட்ட கேள்விக்கு அவளுக்கு முன்னால் அது பதில் சொன்னது, பதில் சரியாகவும் இருந்தது. அந்தப் பெண் முகம் போன போக்கைப் பார்த்து அன்றைக்கே ஒயரைப் பிடுங்கினேன்.

ஆனால் நான் எழுத வந்தது ரேடியோ தம்பிக்கு. ஓரிரு நொடியை மட்டும் வைத்து அழித்துக்கொண்டே இருக்கும் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அது விழிக்காத வரைக்கும்தானே? தப்பாக விழித்தால்? என் வீட்டில் அது தப்பாக விழித்தது ஒரு பாடத்துக்கு எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும். விழித்த ஒவ்வொரு தடவையும் அடுத்த சில நொடிப் பேச்சு கம்பெனியின் சர்வருக்குப் போயிருக்கும். ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றிலும் இந்தப் பதிவுகளில் ஒரு பகுதியை ஆட்கள் உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போட்டது 2019-இல் வெளியே வந்தது. யாரும் கூப்பிடாமல் தானாக விழித்துப் பதிந்தவையும் அதில் இருந்தன. என் மாணவர்கள் தப்புத் தப்பாகச் சொன்ன விடையை எங்கேயோ ஒருவர் ஹெட்போனில் கேட்டிருப்பார் என்றால் சிரிப்பு வருகிறது. அதே அறையில்தான் பெற்றோர் வந்து ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று அழுவார்கள். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய ரேடியோ (ஜோகன்னஸ்பர்க்)

ஐயா, பெருமையாகச் சொல்லவில்லை, எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். பதிவை செட்டிங்ஸில் அழிக்கலாம், 2019-க்குப் பிறகு ஆட்கள் கேட்கக் கூடாது என்று மறுக்கவும் அங்கே வழி வந்தது. ஆனால் தப்பாக விழிப்பதை ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். அதையும் ரொம்பக் குறைத்தால் கப்பல்துறை அண்ணாவின் கதைதான். எழுப்பும் சொல்லை நீளமாக, பேச்சில் வராததாக வைப்பது பாதி மருந்து. கம்ப்யூட்டர் வாத்தியார் வீட்டில் ‘கம்ப்யூட்டர்’ வைத்ததற்கு உங்கள் மகனைத்தான் கேட்க வேண்டும்.

கப்பல்துறை

ரேடியோ தம்பி சொன்னபடி கிடங்குக்குள்ளேயே, கம்ப்ரசர் ஓடும்போது, மாஸ்க்கோடு நின்று பழைய குரலை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தேன். சூப்பர்வைசர் பார்த்து, நெஞ்சோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறாய் என்றார். இப்போது பெரும்பாலும் கேட்கிறது. வீட்டில் டிவி ஓடும்போது மட்டும் அதற்கு இஷ்டம் இருந்தால். பின் நம்பரை எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. ஜூலு நண்பர் தினமும் லஞ்சில் வந்து என் ஜாக்கெட்டைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறார், இப்போது விழிப்பதில்லை, அதில் அவருக்குத்தான் வருத்தம்.