குப்பனூர் சொந்தபந்தம் குழு: பால் கம்பெனி அக்ரிமென்ட்

வெள்ளிக்கிழமை

சரவணன்: எல்லாருக்கும் வணக்கம். அயோத்தியாப்பட்டணத்துல ஒரு பால் கம்பெனி கூட்டம் போட்டாங்க. ஆர்கானிக் பால்னா லிட்டர் 62 ரூபாய், 3 வருஷ அக்ரிமென்ட். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்

சரவணன்: 📷 அக்ரிமென்ட் முதல் பக்கம்

சரவணன்: பட்டா, சிட்டா, அடங்கல் கேக்குறாங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லதானே இருக்கு. அதான் இங்க போடுறேன்

பிரபு: 62ஆ!! போடு மச்சான்

மல்லிகா அத்தை: சரவணா, ஞாயித்துக்கிழமை ரேவதி வளைகாப்புக்கு 30 லிட்டர் சொன்னேனே

சரவணன்: இருக்குங்க அத்தை

செல்வராஜ் பெரியப்பா: யாரும் எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்

மணி சித்தப்பா: யாரும் போடலீங்கண்ணா. பையன் கேக்கத்தான் செய்றான்

செல்வராஜ் பெரியப்பா: கெணறு வெட்டுறப்பவும் இப்படித்தான் கேட்டாங்க

மல்லிகா அத்தை: ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்

மணி சித்தப்பா: சரவணா, மத்த பக்கமெல்லாம் எங்க? விலை முதல் பக்கத்துல இருக்கும், பிடித்தம் கடைசிப் பக்கத்துல இருக்கும். கொழுப்பு எவ்வளவு, எஸ்என்எஃப், அதான் கொழுப்பு போக மிச்சத் திடச்சத்து, எவ்வளவு இருந்தா 62னு பாரு. ஆவின்ல 2023 டிசம்பர்ல பசும்பாலை 35ல இருந்து 38 ஆக்குனப்பவும் சத்தைப் பொறுத்துத்தான் காசு. அடுத்தது சான்று. ஆர்கானிக்னு நாம சொன்னாலும் ஆகாது, கம்பெனி சொன்னாலும் ஆகாது. 2017ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கொண்டுவந்த விதிப்படி, அந்தப் பேர்ல விக்கணும்னா ரெண்டுல ஒரு சான்று வேணும். ஒண்ணு, விவசாய ஏற்றுமதியைப் பாக்குற மத்திய அரசு அமைப்பு அபெடா நடத்துற என்பிஓபி. வெளியாள் வந்து தணிக்கை பண்ணுவாங்க. இன்னொண்ணு பிஜிஎஸ். குறைஞ்சது 5 விவசாயி குழுவாச் சேர்ந்து, ஒருத்தர் காட்டை இன்னொருத்தர் பாத்துச் சான்று குடுக்குறது. செலவு கம்மி. வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள, நேரா வீட்டுக்கே ஊத்துற சின்ன ஆளுக்குச் சான்று வேணாம், ஆனா அவர் ஜைவிக் பாரத்ங்கிற ஆர்கானிக் முத்திரை போடக் கூடாது. கம்பெனிக்கு ஊத்துனா அந்த விலக்கும் நமக்கு இல்ல

பிரபு: மாமா சுருக்கமா

மணி சித்தப்பா: இதுதான் சுருக்கம்

பிரபு: நாட்டு மாடு வாங்கிட்டா ஏ2, ஆர்கானிக் ரெண்டும் ஆச்சே. ஆலம்பாடி நாலு புடிக்கலாம். பெங்களூர்ல ஏ2 நெய்க்கு என்ன விலை தெரியுமா

கவிதா: ரெண்டும் வேற வேற பிரபு. ஏ2ங்கிறது பால்ல இருக்கிற பீட்டா கேசின் புரதத்தோட வகை, மாட்டோட பரம்பரையில வர்றது. ஆர்கானிக்ங்கிறது காடு, தீவனம், மருந்து, வளர்க்கிற முறை. ஜெர்சி கலப்பு மாட்டுப் பாலும் ஆர்கானிக் ஆகும். யூரியா போட்ட சோளத்தட்டு தின்ன நாட்டு மாட்டுப் பால் ஆகாது

கவிதா: ஏ1, ஏ2னு பாக்கெட்ல போடறதை எடுக்கச் சொல்லி எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஆகஸ்ட் 21ல உத்தரவு போட்டு, 26ஆம் தேதியே வாபஸ் வாங்குச்சு. அந்தப் பேரை நம்பி மாட்டை மாத்தாதீங்க

செல்வராஜ் பெரியப்பா: ஆலம்பாடி ஏருக்கு. பாலுக்கு இல்ல

மல்லிகா அத்தை: அண்ணா சொன்னா சரி

சரவணன்: காட்டுல நேப்பியர் புல்லுக்கு மட்டும்தான் யூரியா போடுறேன். அதை நிறுத்திடலாம். தீவனம் பருத்திக்கொட்டை, மரவள்ளி மில்லுத் திப்பி, கடையில வாங்குற மூட்டைத் தீவனம், வைக்கோல்

மணி சித்தப்பா: அங்கதான் சிக்கலே. ஒவ்வொண்ணாப் பாரு. பருத்திக்கொட்டை ஆகவே ஆகாது. கொங்கணாபுரம் ஏலத்துப் பருத்தியா இருந்தாலும் வடக்கத்திக் கொட்டையா இருந்தாலும், நாட்டுல விளையறதுல 90 சதவீதத்துக்கு மேல பிடி ரகம். மரபணு மாத்துன விதைக்கு எந்த ஆர்கானிக் சான்றுலயும் இடமில்ல. புண்ணாக்கா ஆட்டுனாலும் அதேதான். திப்பி எந்தக் காட்டுக் கிழங்குன்னு மில்லுக்காரருக்கே தெரியாது, மாவுப்பூச்சிக்கு மருந்து அடிச்சதும் சேர்ந்துதான் அரைபடுது. கடை மூட்டையில யூரியா 1 சதவீதம் வரைக்கும் சேர்க்க இடம் உண்டு. வைக்கோல் யார் வயலோ. ஆக நம்ம மாடு இப்பத் திங்கிறதுல ஒண்ணுகூட தேறாது

மல்லிகா அத்தை: பருத்திக்கொட்டை இல்லாம மாடு கறக்குமா

மணி சித்தப்பா: கறக்கும் மல்லிகா. 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 40, கடலை எள்ளுப் புண்ணாக்கு சேர்ந்து 27, தவிடு 30, தாது உப்பு 2, சோத்து உப்பு 1. மாட்டோட உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதுக்கு மேல ரெண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ. எல்லாம் சான்று உள்ள காட்டுல விளைஞ்சதா இருக்கணும், அதான் விலை

கவிதா: கடலைப் புண்ணாக்கைச் சுவத்துல சாய்ச்சு அடுக்காதீங்க. அடியில பலகை போட்டு, காத்து போற மாதிரி வையுங்க. ஈரம் ஏறுனா பூஞ்சை, அதுலருந்து பாலுக்கு அஃப்ளடாக்சின் எம்1ங்கிற நஞ்சு வரும். வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். 2018ல எடுத்த தேசியப் பால் ஆய்வுல தமிழ்நாட்டு மாதிரி 551ல 88 அந்த வரம்பைத் தாண்டுச்சு. பூஞ்சைக்கு ஆர்கானிக், சாதா எல்லாம் ஒண்ணுதான்

கவிதா: காய்ச்சுனாலும் போகாது

மல்லிகா அத்தை: ஐயோ. வளைகாப்புப் பால் நல்லதுதானே?

சரவணன்: நல்ல பால்ங்க அத்தை

மல்லிகா அத்தை: பாயசத்துக்கு 12, காப்பிக்கு 10, மிச்சம் தயிருக்கு

பிரபு: அம்மா அதுக்குத் தனிக் குழு இருக்கு

மல்லிகா அத்தை: அதுல யாரும் பதில் போடறதில்ல

சனிக்கிழமை

சரவணன்: ராத்திரி கணக்குப் போட்டேன். 8 மாடு, இப்ப 60 லிட்டர். 38னு வச்சா 2,280. அடர்தீவனம் 36 கிலோ, கிலோ 30னு 1,080. மிச்சம் 1,200. ஆர்கானிக்ல பால் 45க்கு இறங்கும்னு வச்சேன். 62க்கு 2,790. தீவனம் 30 கிலோ, கிலோ 44னு 1,320. மிச்சம் 1,470. நாளைக்கு 270 கூட

பிரபு: 👏👏

மணி சித்தப்பா: கணக்கு சரி, பாதிதான் போட்டிருக்க. நிலம் மாறுறதுக்கு என்பிஓபில வருஷப் பயிருன்னா 2 வருஷம், தென்னை மா மாதிரின்னா 3 வருஷம். அதுவரைக்கும் பால் சாதாப் பால், 38தான். மாறுற காலத்துல 45 லிட்டருக்கு 1,710, தீவனம் 1,320 போனா மிச்சம் 390. நாளைக்கு 810 நட்டம். 2 வருஷமும் மாட்டுக்கு விலையுயர்ந்த தீவனம் போட்டா 5 லட்சத்து 91 ஆயிரம் போகும்

சரவணன்: 😶

செல்வராஜ் பெரியப்பா: நான் சொல்லல?

கவிதா: அப்பா இருங்க. சித்தப்பா, நிலத்தையும் மாட்டையும் ஒண்ணா மாத்தவே வேண்டாம். முதல்ல காடு. யூரியாவை நிறுத்தி 2 வருஷம் கடத்தணும், மாடு பழைய தீவனத்துலயே இருக்கட்டும். பால் மாட்டுக்கு ஐரோப்பாவுல 6 மாசம் மாறுற காலம், நாமளும் அப்படியே கணக்கு வச்சுக்கலாம். அப்ப காட்டோட கடைசி 6 மாசத்துல மட்டும் தீவனத்தை மாத்துனாப் போதும். 180 நாள் × 810 = 1,45,800. சான்று குடுக்கிறவங்ககிட்ட இந்த வரிசையை முதல்லயே எழுத்துல கேட்டு வாங்கிக்கணும்

மணி சித்தப்பா: அருமை கண்ணு. காடு முதல்ல, மாடு கடைசி. யூரியாவை நிறுத்துனா புல்லு குறையும், அதையும் சேத்துக்க. நாளைக்கு 30 கிலோ பச்சைன்னா 8 மாட்டுக்கு 240 கிலோ, வருஷம் 87 டன். கோ 5 நேப்பியர் நட்டா முதல் அறுப்பு 75 நாள்ல, அப்புறம் 45 நாளைக்கு ஒண்ணு. ஒவ்வொரு அறுப்புக்கும் சாணிக் கரைசல் விட்டாத்தான் துளிர்க்கும். கூட வேலிமசால்னு பயறு வகைத் தீவனம் போடு, புண்ணாக்குச் செலவு குறையும்

சரவணன்: அப்ப போட்ட 1,45,800ஐ 270 வச்சு எடுக்க 540 நாள்

கவிதா: அதேதான். அக்ரிமென்ட்ல 3 வருஷம் எந்தத் தேதியிலருந்து ஆரம்பிக்குதுன்னு பாரு. கையெழுத்துப் போட்ட நாள்லருந்துன்னா 2 வருஷம் மாறுறதுலயே போயிடும். 62 கிடைக்கிறது 365 நாள்தான். 540 நாள் எங்க, 365 எங்க

சரவணன்: பக்கம் 3ல கையெழுத்து நாள்னுதான் இருக்கு

பிரபு: அடப்பாவிங்களா

செல்வராஜ் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி சித்தப்பா: அண்ணா எதை எடுத்தீங்க

கோகுல் நாகலூர்: இங்க ஏற்காட்டுலயும் அந்தக் கம்பெனி வந்துச்சு. காப்பித் தோட்டத்துல மாடு வச்சிருக்கிறவங்களைப் பாத்தாங்க. வண்டி மேல வராது, நாங்கதான் அடிவாரம் கொண்டாந்து ஊத்தணுமாம். 20 கொண்டை ஊசி. 2024 டிசம்பர் புயல்ல மண் சரிஞ்ச மாதிரி ஆனா பால் என்ன ஆகும்னு கேட்டதுக்குப் பதிலில்ல

கவிதா: வண்டிச் செலவுதான் இந்தத் தொழிலோட முதல் எதிரி. 2021 ஆகஸ்ட்ல டானோன் கம்பெனி, தன்னோட ஹொரைசன் ஆர்கானிக் பால் பிராண்டுக்கு ஊத்திட்டிருந்த அமெரிக்க வடகிழக்குப் பண்ணை 89க்கு ஒப்பந்தம் முடியுதுன்னு சொல்லிடுச்சு. தள்ளித் தள்ளி இருக்கிற சின்னப் பண்ணைகள். அதுல பலபேரை ஆர்கானிக் வேலி கூட்டுறவு எடுத்துக்கிச்சு. 2024ல ஹொரைசனையே டானோன் வித்துட்டாங்க. பிராண்ட் கை மாறுனா நம்ம அக்ரிமென்ட் என்ன ஆகும்னு ஒரு வரி வேணும். விலகுறதுன்னா 6 மாச முன்னறிவிப்பு கேளு

பிரபு: அப்ப மார்க்கெட்டே இல்லையா

கவிதா: இருக்கு. கர்நாடகா திப்தூர்ல அக்ஷயகல்பான்னு ஆர்கானிக் பால் கம்பெனி 2010ல ஆரம்பிச்சு பெங்களூர், சென்னை, ஹைதராபாத்னு போயிட்டாங்க. 2023ல என்டிடிபி, அதான் தேசியப் பால்வள வாரியம், முன்னின்னு தேசியக் கூட்டுறவு ஆர்கானிக் நிறுவனம் வந்து, பாரத் ஆர்கானிக்ஸ்னு விக்குது. இப்ப வாங்குறவங்க முத்திரையோட லேப் ரிப்போர்ட்டும் கேக்குறாங்க, ஆன்டிபயாட்டிக் எச்சம் முக்கியமா. 2025 செப்டம்பர் 22லருந்து பாக்கெட் பன்னீருக்கு ஜிஎஸ்டி இல்ல, நெய் வெண்ணெய்க்கு 12ல இருந்து 5 ஆச்சு. விக்காத பாலை நெய்யாக்குறவங்களுக்கு அது நல்லது. ஆனா குளிரூட்டி ரொம்ப முக்கியம். நம்ம பாலைச் சாதாப் பாலோட ஒரே தொட்டியில ஊத்துனா அந்த நிமிஷமே ஆர்கானிக் போச்சு. தனித் தொட்டி இருக்கா, கம்பெனிக்கே சான்று இருக்கா, இந்த ரெண்டையும் காட்டச் சொல்லு

சரவணன்: மடிநோய் வந்தா? ஊசி போடாம விட முடியாதே

மணி சித்தப்பா: விடவே கூடாது, மாடு முக்கியம். அமெரிக்க விதியில ஆன்டிபயாட்டிக் போட்ட மாடு ஆர்கானிக் மந்தையை விட்டே போகணும். நம்ம விதியில அப்படி இல்ல, மருந்து போட்டப்புறம் பாலை ஒதுக்குற நாளை ரெண்டு மடங்காக்கணும், பதிவேட்டுல எழுதணும். தினம் முதல் பீச்சைக் கருப்புத் துணியில பீச்சிப் பாரு. பால்ல திரிதிரியாத் தெரிஞ்சா அன்னிக்கே சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50, சுண்ணாம்பு 15, மையா அரைச்சு, ஒரு கை எடுத்துத் தண்ணியில கரைச்சு மடி முழுக்கப் பூசு. ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள். ஒவ்வொரு தடவையும் மடியைக் கழுவித் துடைச்சிட்டு. தஞ்சாவூர்ல பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொல்லிக் குடுத்த மருந்து, என்டிடிபியும் பரப்புது. காய்ச்சல் இருந்தா, மாடு தீனி எடுக்கலன்னா டாக்டர்தான்

மல்லிகா அத்தை: 🎤 குரல் செய்தி 2:14

பிரபு: அம்மா சொல்றது: பட்டாவுல பேர் மாத்துறதுன்னா அவங்க கையெழுத்தும் வேணும், யாரும் கேக்கவே இல்லன்னு

சரவணன்: அத்தை சத்தியமா மறக்கல. நாலு பேரும்னுதான் நினைச்சேன். அப்பாவுக்குப் பதிலா நான்

மல்லிகா அத்தை: நினைச்சா போதாது, சொல்லணும்

மணி சித்தப்பா: தப்பு எங்க மேலதான் மல்லிகா

செல்வராஜ் பெரியப்பா: மல்லிகா கையெழுத்து இல்லாம என் கையெழுத்து இல்ல

மல்லிகா அத்தை: 🙏

கவிதா: அப்பா 👍

சரவணன்: அப்ப கம்பெனிக்கு என்ன சொல்றது

மணி சித்தப்பா: கேள்வி அனுப்பு. அக்ரிமென்ட் சான்று கிடைச்ச நாள்லருந்து ஓடுமா, மாறுற காலத்துப் பாலுக்கு 38க்கு மேல ஏதாவது தருவாங்களா, தனித் தொட்டி உண்டா. நான் கோயம்புத்தூர் அங்ககச் சான்றளிப்புத் துறையில பால் மாட்டுக்கும் சேத்து விசாரிக்கிறேன். பிஜிஎஸ்னா வீராணம் பக்கம் இன்னும் 4 பேர் வேணும்

செல்வராஜ் பெரியப்பா: முழுக் காடும் வேண்டாம். ஒரு ஏக்கர்ல யூரியாவை நிறுத்திப் பாருங்க

சரவணன்: எந்த ஏக்கருங்க பெரியப்பா? கெணத்து மேடு?

செல்வராஜ் பெரியப்பா: கெணத்து மேட்டைத் தொடாத

மணி சித்தப்பா: அண்ணா சொல்றது சரி. பக்கத்துக் காட்டுக்காரர் மரவள்ளிக்கு மருந்து அடிக்கிறார், காத்துல நம்ம பக்கம் வரும். வேலி ஓரம் ஒதுக்கு விட்டா அங்க அரை ஏக்கர்தான் தேறும். புளியமரத்துக் காட்டுல மண் மாதிரி எடு சரவணா, வரப்பு ஓரமும் எருக்குழி பக்கமும் எடுக்காத

செல்வராஜ் பெரியப்பா: புளியமரத்துக் காடு யார் பங்குன்னு முதல்ல பேசணும்

மல்லிகா அத்தை: நாளைக்கு வளைகாப்புல பேச்சு எடுத்தீங்க, அவ்வளவுதான்

பிரபு: 😂

சரவணன்: சரிங்க. திங்கக்கிழமை கம்பெனிக்குக் கேள்வி மட்டும் அனுப்புறேன். மண் மாதிரி எடுக்கட்டுமா வேண்டாமா?

மணி சித்தப்பா: எடு

செல்வராஜ் பெரியப்பா: பாத்துக்கலாம்