பிஓஐ தாக்கல்: டெலவேர் எல்எல்சி "வெளிநாட்டுக் கம்பெனி"யா?

டாலஸ் கணக்காளர்:
"நான் இருப்பது கோவையில், என் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) டெலவேரில். அப்படியென்றால் அது வெளிநாட்டுக் கம்பெனிதானே?" பிஓஐ தாக்கல், அதாவது கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று அமெரிக்க அரசுக்குத் தெரிவிப்பது, இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்பதால் அதிகம் வரும் கேள்வி இதுதான். இல்லை. 2025 மார்ச் 26-இல் வெளியான இடைக்கால விதி, முதலாளி எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. கம்பெனி எந்த நாட்டுச் சட்டப்படி தொடங்கப்பட்டது என்றே பார்க்கிறது. டெலவேரோ வயோமிங்கோ, அமெரிக்க மாநிலத்தில் தொடங்கியதற்கு விலக்கு உண்டு. சென்னையில் பதிவான பிரைவேட் லிமிடெட், டெக்சஸில் தொழில் செய்ய அங்கேயும் பதிந்தால் அதுதான் மாட்டும். பதிவு உறுதியான தகவல் வந்த 30 நாளுக்குள், அமெரிக்க நிதித்துறையின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்சென் தளத்தில் உரிமையாளர் விவரத்தைப் போட வேண்டும். கட்டணம் கிடையாது.

நியூஜெர்சி வாசகர்:
பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். முன்பு உள்நாட்டுக் கம்பெனிகளுக்கும் இருந்த இந்தத் தாக்கல் கட்டாயத்துக்கு 2024 டிசம்பர் 3 டெக்சஸ் நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை, 23-இல் தடை நீக்கம், 26-இல் மறுபடி தடை. 2025 ஜனவரி 23 அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தியும் வேறொரு வழக்கின் தடை மிச்சமிருந்தது. அதுவும் பிப்ரவரியில் போய், மார்ச் 21 கெடு என்றார்கள். அதே மார்ச் 21 அன்றுதான் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு விலக்கை அறிவித்தார்கள். சின்னக் கடைக்காரர்களை இப்படி அலைக்கழித்தது அநியாயம். ஒன்று நினைவிருக்கட்டும்: மாறியது விதிதான், இந்தத் தாக்கலைக் கொண்டுவந்த 2021 சட்டம் ரத்தாகவில்லை.

டாலஸ் கணக்காளர்:
போட வேண்டியவர்களுக்கு: 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர், அல்லது முக்கிய முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், இருவருமே உரிமையாளர் கணக்கில் வருவார்கள். அமெரிக்கக் குடிமக்களையும், கிரீன் கார்டு உள்ளவர்போல வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர்களையும் காட்டத் தேவையில்லை. மற்றவர்களுக்குப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பாஸ்போர்ட் எண், அதன் படம். படம் 4 எம்பிக்குள் இருக்கட்டும். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் ஏற்காது. படம் சரியாக இருந்தும் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஹூஸ்டன் வாசகர்:
"படிவம் 4022" என்று பணம் கேட்டோ, க்யூஆர் கோடு ஒட்டியோ தபால் வந்தால் கிழித்துப் போடுங்கள், மோசடி.

டாலஸ் கணக்காளர்:
கோவைக்காரர் கேள்விக்கு இன்னொன்று. பிஓஐ இல்லை என்பதால் வரித்துறையின் 5472 படிவம் போய்விடவில்லை. ஒரே வெளிநாட்டு உரிமையாளர் உள்ள எல்எல்சிக்குள் நீங்கள் போட்ட முதலீடு, எடுத்த பணம் எல்லாம் அதில் வரும். கம்பெனி வருமான வரிக்கான 1120 படிவத்தைப் பெரும்பாலும் வெறுமையாக வைத்து, அதோடு இணைத்து, தபாலிலோ ஃபேக்ஸிலோ ஏப்ரல் 15-க்குள் போக வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர்.