கத்தியெறிதல்: சுழற்சியா, கரணமா?

குழுவினர்க்கு வணக்கம்.

கத்தியெறிதல் பயிற்சிக்கான சிறு கையேட்டுக்குச் சொற்கள் வேண்டும். கருவிக்கு ‘எறிகத்தி’ என்று முடிவு செய்துவிட்டேன். ‘வீச்சுக்கத்தி’ கூடாது. வீச்சரிவாளில் உள்ள வீச்சு, கையில் பிடித்தபடியே வீசி வெட்டுவது. எறிவேல், எறிகணை வரிசையில் எறிகத்தி தானே வந்து உட்காருகிறது.

சிக்கல் அடுத்த சொல்லில். கையை விட்ட கத்தி நேராகப் போவதில்லை, தலைகீழாகப் புரண்டு புரண்டு போகிறது. ஏறத்தாழ 2 மீட்டரில் அரைத்தடவை, 3 மீட்டரில் ஒரு தடவை, 5 மீட்டரில் இரண்டு, 7 மீட்டரில் மூன்று. இந்தத் ‘தடவை’க்கு என்ன பெயர்? ‘சுழற்சி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பம்பரம் சுழல்கிறது, துப்பாக்கிக் குண்டு தன் நீள அச்சில் சுழல்கிறது. கத்தி நீள அச்சில் திரும்பினால் அது கோளாறு, முனை வந்தாலும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே வரும். வேண்டிய திரும்பலுக்கும் வேண்டாத திரும்பலுக்கும் ஒரே சொல் இருந்தால், படிப்பவர் எதைத் திருத்துவார்?

*

மறு: கத்தியெறிதல்

> வேண்டிய திரும்பலுக்கும் வேண்டாத திரும்பலுக்கும்

இரண்டாவதற்குச் ‘சுழற்சி’யையே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கரணம். குட்டிக்கரணத்தில் தலை கால் இருந்த இடத்துக்கும் கால் தலை இருந்த இடத்துக்கும் வந்து மீள்வதைத்தான் கத்தியும் செய்கிறது. அரைக்கரணம், ஒரு கரணம், ஒன்றரைக் கரணம் என்று எண்ணலாம். ‘கரணம் தப்பினால் மரணம்’ இந்த விளையாட்டுக்கே சொன்னதுபோல் இருக்கிறது, அதைக் கையேட்டில் போட வேண்டாம், வாங்குபவர் ஓடிவிடுவார்.

கூடவே ‘கரணத் தொலைவு’ என்று ஒன்றும் தேவைப்படும். ஒரு கரணத்துக்கு ஆகும் தூரம் அது. எறியும் கை ஒரு வட்டத்தின் துண்டாக இறங்குகிறது. கையில் இருக்கும்வரை கத்தியும் அந்த வட்டத்தோடு திரும்பி, விட்டபின் அதே திரும்பல் வேகத்தோடு பறக்கிறது. வேகமாக எறிந்தால் முன்னோக்கிய வேகமும் கூடும், புரளும் வேகமும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே கரணத் தொலைவு ஏறக்குறைய மாறாது. அது 2 × 3.14 × ஆரம். நீங்கள் தந்த 3, 5, 7 மீட்டர்களுக்கு நடுவே இடைவெளி 2 மீட்டர். வகுத்தால் ஆரம் சுமார் 32 செ.மீ. வருகிறது, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரையுள்ள நீளத்துக்குப் பக்கம். முதல் கரணத்துக்கு மட்டும் 3 மீட்டர் தோன்றுவதற்கு ஒரு காரணம், எறிபவர் நிற்கும் கோட்டிலிருந்து அளக்கிறோம், கத்தி புறப்படுவதோ முன்னே நீட்டிய கையின் நுனியிலிருந்து.

‘இலக்குக்கு எட்டவில்லை, இன்னும் பலமாக எறி’ என்ற அறிவுரை ஏன் பயன்படாது என்பது இந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும்.

*

மறு: மறு: கத்தியெறிதல்

அன்புடையீர்,

கரணம் அழகிய சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே நெரிசலான வீடு. பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்பில் ஒன்று கரணம். ஆடற்கலையில் 108 கரணங்கள். மெய்யியலில் மனம், புத்தி முதலிய அகக்கருவிகளுக்கு ‘அந்தக்கரணம்’ என்று பெயர். பள்ளி இயற்பியலில் சுழற்சி நிலைபெற்றுவிட்டது. மாணவரிடம் அதை எடுத்துவிட்டு வேறொன்றைத் திணிக்க வேண்டுமா?

இன்னொன்று. எறிகத்திக்கு எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பழந்தமிழில் ‘எறிதல்’ வெட்டி வீழ்த்துவதையும் குறித்தது என்பதை நினைவில் வையுங்கள். புறநானூறு 312இல் ‘களிறு எறிந்து’ என வருவது யானையைக் கொன்று என்ற பொருளில். தூக்கி வீசி அன்று.

*

மறு: மறு: மறு: கத்தியெறிதல்

ஐயா, பஞ்சாங்கம் பார்ப்பவர் கத்தியெறியும் இடத்தில் குழம்பமாட்டார். துறைக்குத் துறை ஒரே சொல் வேறு வேலை பார்ப்பது புதிதில்லை. சுழற்சியைச் சுழற்சி இருக்கும் இடத்திலேயே விடுவோம். வளரிக்கு அது பொருந்தும், ஏனென்றால் அது விசிறிபோல் சுற்றிக்கொண்டு போவது. கத்தி அப்படிப் போவதில்லை.

கரணம் வந்தால் திருத்தமும் எளிது. பிடி மேலே தூக்கி, முனை கீழ்நோக்கிக் குத்தினால் கரணம் கூடிவிட்டது: மிகைக்கரணம். அரை அடி முன்னே போங்கள். பிடி கீழே தொங்கி, முனை மேல்நோக்கி இருந்தால் குறைக்கரணம். அரை அடி பின்னே. கையை மாற்றாதீர்கள், காலை மாற்றுங்கள். புதியவர்கள் மணிக்கட்டைச் சுண்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். சுண்டினால் ஆரம் சுருங்கிக் கரணம் கூடும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு அளவில். மணிக்கட்டு பூட்டியதுபோல் இருக்கட்டும், பிடியைச் சுத்தியல் பிடிப்பதுபோல் பிடித்து, இறுக்காமல், இலக்கை நோக்கிக் கை நீளும்போது நழுவவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கத்தி தாமதமாக விடுபட்டுத் தரையைப் பார்த்துப் போகும்.

கத்தி பற்றிய அதிகாரத்தில் இவற்றையும் சேருங்கள். முழுக்க ஒரே எஃகுத் தகட்டில் வெட்டியதாக இருக்க வேண்டும். ஆணி அடித்த மரப்பிடி சில நாளில் பிளந்துவிடும், மடக்குக்கத்தியின் அச்சாணி அதற்கும் முன்னே போகும். நீளம் 30 செ.மீ. சுற்றி, எடை 250 முதல் 350 கிராம், தடிமன் 4 முதல் 6 மி.மீ. சிறிய, லேசான கத்தி வேகமாகக் கரணமடிக்கும், கையின் சின்னப் பிழையையும் பெரிதாக்கிக் காட்டும். கடைகளில் மூன்று சேர்த்து உறையோடு விற்கும் 15 செ.மீ. கத்திகள் பார்க்க நன்றாக இருக்கும், கற்க உதவா.

எஃகு மிகக் கடினமாக இருக்கக்கூடாது. உலோகக் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 50 பக்கம் போதும், ஸ்பிரிங் எஃகு நல்லது. சமையல் கத்தியை 55க்கும் மேல் கடினமாக்கியிருப்பார்கள், விளிம்பு கூர் நிற்பதற்காக. எறிந்தால் முனை முறியும். அதற்கு நேர்மாறாக மெத்தென்ற இரும்பு வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தலாம், முறிந்த துண்டு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விளிம்பு மழுங்கலாகவே இருக்கட்டும், வெட்டுவது இதன் வேலையில்லை. முனை மட்டும் கூர், அதுவும் ஊசிபோல் அல்ல. ஊசி முனை முதல் நாளே மடங்கும். ஒரே மாதிரி மூன்று கத்தி வாங்கினால் நடை மிச்சம், ஆனால் பின்னது முன்னதில் மோதி விளிம்பில் பிசிறு எழும்பும். உள்ளங்கையைக் கிழிப்பது பெரும்பாலும் இந்தப் பிசிறுதான். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பார்த்து அரத்தால் ராவிவிடுங்கள்.

விரல்மேல் வைத்து எங்கே சமமாக நிற்கிறது என்று பாருங்கள். நடுவில் நின்றால் பிடியிலும் அலகிலும் பிடித்து எறியலாம். தொடங்குகிறவருக்கு அதுவே வசதி.

*

மறு: கத்தியெறிதல் (கரணமிலா எறி?)

> அரைக்கரணம், ஒரு கரணம், ஒன்றரைக் கரணம்

சரி, அப்படியே வைப்போம். ஆனால் கத்தியின் முதுகில் சுட்டுவிரலை நீட்டி, உரசவிட்டு, புரளாமல் எறியும் முறை இருக்கிறதே, அதற்கு? ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘கரணமிலா எறி’. உண்மையில் கரணமில்லாமல் இல்லை. கையை விடும்போது முனை மேலே பார்த்தபடி இருக்கிறது, பலகையில் முன்னே பார்த்தபடி குத்துகிறது. அது கால்கரணம்.

*

மறு: மறு: கத்தியெறிதல் (கரணமிலா எறி?)

கால்கரணம் என்றால் காலால் போடும் கரணம் என்பார்கள். ‘காற்கரணம்’ என்று புணர்த்தினாலும் அதே கதி. ‘உரசெறி’ என்று வையுங்கள். விரல் முதுகில் உரசிக்கொண்டு விடுவதால்தான் புரள்வது அடங்குகிறது. எத்தனை கரணம் என்று சொல்வதைவிட எப்படி அடக்குகிறோம் என்று சொல்லும் பெயர் கற்பவருக்கு உதவும்.

*

மறு: மறு: மறு: கத்தியெறிதல்

உரசெறியை ஏற்கிறேன். கரணம், கரணத் தொலைவு, மிகைக்கரணம், குறைக்கரணம் நான்கையும் சேர்க்கிறேன். சுழற்சி நீள அச்சில் திரும்பும் கோளாற்றுக்கு மட்டும். இயற்பியல் மாணவருக்காகக் ‘கரணம்: குறுக்கு அச்சில் ஒரு முழுச் சுழற்சி’ என்று ஐயா மனம் நோகாதபடி விளக்கம் போடுகிறேன்.

மிச்சம் ஒன்று. இலக்குப் பலகையில் நார்கள் எறிபவரை நோக்கி நிற்கும்படி மரத்தை வட்டமாக அறுத்து வைக்கிறார்கள். முனை நார்களை விலக்கி நுழைகிறது, எடுத்ததும் மரம் ஓரளவு மூடிக்கொள்கிறது. நீளவாக்குப் பலகையில் அதே முனை நாரைக் குறுக்கே வெட்ட வேண்டும், அதனால் கத்தி துள்ளித் திரும்பும், பலகையும் சிம்பு சிம்பாகப் பெயரும். துள்ளிய கத்தி சில மீட்டர் தாண்டி விழும் என்பதால் எறிபவரைத் தவிர எல்லோரும் அவருக்குப் பின்னால், 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்குப் பாப்லர் மரம். இங்கே இலவம் போன்ற மென்மரம் போதும், 10 செ.மீ.க்குக் குறையாத தடிமனில். காய்ந்தால் தண்ணீர் தெளித்து வைக்கலாம். இந்த அறுத்த முகத்துக்குக் ‘குறுக்குவெட்டு முகம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆசாரிகள் வழக்கில் இதைவிடச் சின்னச் சொல் இருந்தால் எழுதுங்கள்.