கம்ப்யூட்டருக்கு மட்டும் 169.254 ஐபி: எங்கே சிக்கல்?

விண்டோஸ் 10, லேன் கேபிள். ஐபி 169.254.83.12, கேட்வே (ரவுட்டர் முகவரி) காலி. டிஹெச்சிபி (ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறை) பதில் வராததால் விண்டோஸ் தானே போட்டுக்கொண்ட முகவரி இது. ஐபியைப் புதிதாகக் கேட்க ரினியூ கொடுத்தால் கர்சர் வெகுநேரம் மின்னிவிட்டு, சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. நெட்வொர்க் அமைப்புகளைப் பழையபடி ஆக்கும் வின்சாக் ரீசெட், ஐபி ரீசெட், ரீஸ்டார்ட் எல்லாம் பார்த்தாச்சு. டிஹெச்சிபி கிளையன்ட் சர்வீஸும் ஓடுகிறது.

கையால் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 கொடுத்தால் நெட் உடனே வருகிறது. ஆக, கேபிளில் குறையில்லை.

ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் முகவரிகள் (பூல்) 192.168.1.100 முதல் 110 வரைதான், மொத்தம் 11 முகவரி. ஒரு கருவிக்கு முகவரி ஒதுக்கப்படும் காலம் (லீஸ்) 24 மணி நேரம். ரேண்டம் மேக் (மாறக்கூடிய கருவி அடையாள எண்) வைத்துள்ள போன்கள் அத்தனையையும் பிடித்துக்கொண்டனவோ? ஆன்டிவைரஸின் ஃபயர்வால் டிஹெச்சிபி பயன்படுத்தும் யுடிபி 67, 68 போர்ட்டுகளை மறித்தாலும் இதே அறிகுறிதான். இரண்டில் எது என்று எப்படிப் பிரித்தறிவது?

ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லாதீர்கள், பிபிபிஓஇ (நெட் இணைப்பு லாகின்) பாஸ்வேர்ட் கையில் இல்லை.